‘இடைநிலை’ என்று வந்த பி-டௌ 217: இனத்தைப் பார்ப்பதா, சிறுநீரகத்தைப் பார்ப்பதா?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, 20 வருடமாகச் சர்க்கரை நோய். மறதி கூடியதால், அல்சைமரில் கூடும் டௌ என்ற புரதத்தை அளக்கும் பி-டௌ 217 ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ‘இடைநிலை’ (பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை) என்று வந்திருக்கிறது. இந்த அளவெல்லாம் பெரும்பாலும் வெள்ளையர்களை வைத்து வகுத்தவையாமே, நமக்குப் பொருந்துமா?

பதில்: சந்தேகம் நியாயமானது. ஆனால் முதலில் அம்மாவின் கிரியாட்டினினை (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். சிறுநீரகம் மந்தமானால் டௌ ரத்தத்தில் தேங்கும். மூளையில் அல்சைமர் மாற்றம் இல்லாவிட்டாலும் அளவு ஏறும். இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 60-க்குக் கீழே என்றால் அந்த ‘இடைநிலை’யை அப்படியே நம்ப முடியாது. உடல் பருமன் இதற்கு நேர்மாறு, அளவைக் குறைத்துக் காட்டும். இன வேறுபாடு என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்த இரண்டின் வேலைதான்.

மொத்தமும் அல்ல. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கறுப்பினத்தவரின் தண்டுவட நீரில் டௌ குறைவாக இருந்தது. அல்சைமரில் மூளையில் படியும் இன்னொரு புரதமான அமிலாய்டில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அபோ-இ4 என்ற மரபணு வகையால் வரும் அல்சைமர் அபாயமும் கிழக்காசியர்களிடம் அதிகம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு. அதற்காக இனத்துக்கு ஒரு எல்லைக்கோடு போடுவது சரியாகாது. இஜிஎஃப்ஆர் கணக்கில் அப்படி ஒரு இனக் காரணியைச் சேர்த்துவைத்து, 2021-இல்தான் அமெரிக்காவில் நீக்கினார்கள்.

பலரும் கவனிக்காதது வேறொன்று. நோயாளிகளில் 90 சதவீதம் பேரையும் நோயில்லாதவர்களில் 90 சதவீதம் பேரையும் சரியாகச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கட்டும். மறதியோடு வரும் 100 பேரில் 60 பேருக்கு அல்சைமர் என்றால், ‘பாசிட்டிவ்’ வரும் 58 பேரில் 4 பேருக்குத்தான் அது தவறு. 20 பேருக்கு மட்டுமே அல்சைமர் என்றால், 26 பாசிட்டிவில் 8 தவறு! சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் மூளையின் நுண்குழாய்கள் கெட்டு மறதி வருவது அதிகமாக உள்ள மக்களிடம் நடப்பது இந்த இரண்டாவது கணக்கு. பரிசோதனை மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

ஆய்வகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். பி-டௌ 217-ஐ மட்டும் அளந்தார்களா, மாறாத டௌ 217-ஓடு சேர்த்து விகிதமாகக் கணக்கிட்டார்களா? விகிதத்தில் சிறுநீரகத்தின் குறுக்கீடு குறையும். இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில்தான் ரத்தம் எடுத்தார்களா? உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் சீரத்தில் அளந்தால் எண் வேறு. மறுபடி எடுப்பதானால் அதே ஆய்வகத்தில், அதே கிட்டில் எடுங்கள். ஒரு கிட்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

பி12, தைராய்டு, எம்ஆர்ஐ மூன்றையும் முடித்துவிடுங்கள். எம்ஆர்ஐயில் நுண்குழாய்ச் சேதம் நிறைய இருந்தாலும் அல்சைமர் கூடவே இருக்கலாம். அதைப் பிரித்தறிய அமிலாய்டு பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ப் பரிசோதனை தேவை. அமிலாய்டை அகற்றும் மருந்து பற்றிய பேச்சு வந்தால் இவற்றில் ஒன்று கட்டாயம்; வரவில்லையென்றால் அவசரமில்லை, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.