லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, புதிதாக உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. விண்டோஸில் செய்ததுபோல என்விடியா தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அங்கே கிடைக்கும் 'ரன்' கோப்பு இன்றைக்கு வேலை செய்யும், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கு அடுத்த அப்டேட் வரும்போது காலை வாரிவிடலாம். டிரைவரின் ஒரு பகுதி கர்னலுக்குள் ஏறும் மாட்யூல். எந்தக் கர்னலுக்காகக் கட்டப்பட்டதோ அதோடுதான் சேரும். உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து போட்டால், கர்னல் மாறும்போது மாட்யூலும் கூடவே மாறிவிடும். மெனுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, பக்கத்தில் 'டெஸ்டெட்' என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் 'சர்வர்' என்று வருவதைத் தொடாதீர்கள். ரீபூட் செய்ததும் டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். கார்டின் பெயர் வந்தால் முடிந்தது.

கேள்வி: டெபியன் 12 வைத்திருக்கிறேன் சார். டிரைவர் பிழையில்லாமல் நிறுவப்பட்டது. ஆனால் என்விடியா-எஸ்எம்ஐ, டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. மூன்று முறை அழித்துப் போட்டும் அதே கதை.

பதில்: நான்காம் முறை அழிக்காதீர்கள், டிரைவர்மேல் பெரும்பாலும் தப்பிருக்காது. கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' பாதுகாப்பு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அது இயங்கினால், நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. உங்கள் கணினியில் மாட்யூலைக் கட்டும் டிகேஎம்எஸ் என்ற கருவி, தானே ஒரு சாவி உண்டாக்கிக் கையொப்பமும் போட்டுவிடுகிறது. அந்தச் சாவி யாருடையது என்று கணினிக்குத்தான் தெரியாது. நாம்தான் அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

வார், லிப், டிகேஎம்எஸ் என்று அடைவுகளில் இறங்கினால் 'மோக்.பப்' கோப்பு இருக்கும். மோக்யூடில் கட்டளையின் 'இம்போர்ட்' வசதிக்கு அதைக் கொடுங்கள். ஒரு கடவுச்சொல் கேட்கும். இப்போதைக்கு மட்டும்தான் தேவை, எளிதாகவே வையுங்கள். ரீபூட் செய்ததும் நீலத்திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும், எழுந்து டீ எடுக்கப் போகாதீர்கள். 'என்ரோல் மோக்', 'கன்டின்யூ', 'யெஸ்', பிறகு அந்தக் கடவுச்சொல். அவ்வளவுதான். செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். ஐந்து நிமிட வேலைக்காக ஒரு பாதுகாப்பை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். டிரைவர் எங்கே கிடைக்கும்?

பதில்: ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஏஎம்டிஜிபியு என்ற டிரைவர் 2015-இல் கர்னல் 4.2-லேயே சேர்ந்துவிட்டது. மீதியை, லினக்ஸோடு கூடவே வரும் மெசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். விளையாட்டுக்குத் தனியாக எதையும் போட வேண்டாம்.

கேள்வி: என் ஜிடிஎக்ஸ் 1050 பழையதாகிவிட்டது. அதற்கு இனி டிரைவர் வராது என்கிறார்களே, திறமூல டிரைவரான நூவோவுக்கு மாறிவிடலாமா?

பதில்: கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், நூவோவுக்கும் அவசரப்பட்டு மாறாதீர்கள். உங்களுடையது பாஸ்கல் தலைமுறை. அதற்கான கடைசி என்விடியா டிரைவர் வரிசை 580. அந்த எண்ணிலேயே நில்லுங்கள். பெயரில் 'ஓப்பன்' என்று முடியும் பொதி, பாஸ்கலுக்குப் பின் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும், உங்களுக்குச் சேராது.

நூவோவை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆவணம் இல்லாமல், கார்டு நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே கட்டிய டிரைவர் அது. ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல் என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாமல் வேகத்தை ஏற்ற முடியாது. அதனால் பாஸ்கல் கார்டு நூவோவில், பூட் ஆகும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே ஓடும். படம் பார்க்கலாம், விளையாட முடியாது.

கேள்வி: லினக்ஸ் மின்ட் பென்டிரைவில் பூட் செய்தாலே கருப்புத் திரைதான். டிரைவர் போடும் இடத்துக்கே போக முடியவில்லை, உதவுங்கள்.

பதில்: கணினி தொடங்கும்போது வரும் க்ரப் என்ற பூட் மெனு வந்ததும் 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' இருக்கும். அதை ஒட்டி, ஓர் இடைவெளி விட்டு, 'நோமோட்செட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை மங்கலாக, பெரிதாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மின்ட்டை நிறுவி, முதல் பூட்டிலும் இதையே செய்து உள்ளே போய் 'டிரைவர் மேனேஜர்' வழியாக டிரைவரைப் போடுங்கள். இப்படிச் சேர்த்த சொல் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், நீக்க வேண்டிய வேலை இல்லை.