ஜிஸ்ட்னு ரிப்போர்ட் வந்தா மாத்திரைக்கு முன்னாடி பயாப்ஸி பிளாக்கை கைல வாங்குங்க

நாமக்கல்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: 11 வயசு பொண்ணு, எட்டு மாசம் இரும்பு டானிக் குடுத்தும் ஹீமோகுளோபின் 6 தான். எண்டோஸ்கோபில இரைப்பைல கட்டி, பயாப்ஸில ஜிஸ்ட், அதாவது இரைப்பை, குடல் சுவர்ல வர்ற ஒரு வகை கேன்சர் கட்டி. இமாட்டினிப்ங்கிற கேன்சர் மாத்திரை ஆரம்பிக்கலாம்ங்கிறாங்க, இன்னொரு ஏஜென்ட் ஒரு லட்சத்துக்கு ஜீன் டெஸ்ட் பேக்கேஜ்னு நிக்கிறார், என்ன பண்ண?

அம்மா, பெரியவங்களுக்கு வர்ற ஜிஸ்ட்டும் உங்க பொண்ணு வயசுல வர்றதும் பேர்லதான் ஒண்ணு. இந்த வயசுல பெரும்பாலும் பொண்ணுங்களுக்குத்தான் வரும், இரைப்பைல மெதுவா வளரும், உள்ளயே ரத்தம் கசியும். டானிக் குடிச்சாலே மலம் கருப்பாத்தான் போகும், அதனால கசிவு தெரியாமலே போயிடுது. எட்டு மாசம் டானிக்கை மட்டும் மாத்தி மாத்தி எழுதினவங்க மேல எனக்கு கோவம்தான் வருது.

இமாட்டினிப் நல்லா வேலை செய்யறது பெரும்பாலும் கட்டியோட கிட்ங்கிற ஜீன்ல கோளாறு இருந்தாத்தான். பிள்ளைங்கள்ல நூத்துக்கு 85 பேருக்கு அது இருக்காது. ரிப்போர்ட்ல "சிடி117 பாசிடிவ்"னு (ஜிஸ்ட்டை அடையாளம் காட்டற ஒரு புரதம்) பாத்ததும் மாத்திரை எழுதிடறாங்க, ஆனா அது பெரியவங்க வகை, பிள்ளைங்க வகை ரெண்டுலயும் பாசிடிவாத்தான் வரும். நீங்க கேக்க வேண்டியது எஸ்டிஹெச்பி ஸ்டெய்ன், அதாவது அந்தப் பேருள்ள புரதம் சதையில இருக்கானு சாயம் போட்டுப் பாக்கற டெஸ்ட். ஏற்கனவே எடுத்த சதையிலயே பண்ணலாம், பேக்கேஜ் விலையில ஒரு சின்ன பங்குதான் ஆகும். ஸ்டெய்ன் பிடிக்கலைன்னா இது பிள்ளைங்க வகை, முதல் வைத்தியம் ஆபரேஷன்தான்.

அந்த ஏஜென்ட் கைல மட்டும் பிளாக்கை குடுத்துடாதீங்க, கெஞ்சி கேக்கறேன். பிளாக்னா மெழுகுல புதைச்சு வச்ச உங்க பொண்ணோட சதை. என்கிட்ட வந்த ஒரு அப்பா அப்படி குடுத்துட்டு நாப்பது பக்க ரிப்போர்ட்தான் வாங்கினார், பிளாக் திரும்பவே இல்ல, அந்தப் பையனுக்கு மறுபடி பயாப்ஸி பண்ண வேண்டியதாப் போச்சு. லேப்ல எழுதிக்குடுத்து நீங்களே வாங்குங்க, பிளாக்ல இருக்கற நம்பர் ரிப்போர்ட்டோட சரியா இருக்கானு பாருங்க. தர மாட்டோம்னு அலைய விடுவாங்க, விடாதீங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லணும், நான் ஜீன் டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லல. ஸ்டெய்ன் நல்லா பிடிச்சிருந்தா அப்ப கிட், பிடிஜிஎஃப்ஆர்ஏங்கிற ரெண்டு ஜீனும் பாத்தே ஆகணும், ஏன்னா அந்தக் கொஞ்சம் பிள்ளைங்கள்ல கிட் கோளாறு இருக்கறவங்களுக்கு இதே இமாட்டினிப் நல்லா கேக்கும், அவங்களுக்கு அதை மறுக்கறதும் தப்பு. முதல்ல ஸ்டெய்ன், அப்புறம் ஜீன், வரிசை மாறினாத்தான் காசும் நாளும் வீணாகுது.

பிள்ளைங்க கேன்சர் பாக்கற டாக்டரும் சர்ஜனும் ஒரே இடத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்கு போங்க. இந்த வகை நிணநீர்க் கட்டிகளுக்கும் பரவும், அதையும் பாக்கச் சொல்லுங்க. ஹீமோகுளோபின் 6ங்கறதுனால ரத்தம் ஏத்தணுமானு நாளைக்கே கேளுங்க, ஸ்டெய்ன் ரிசல்ட் வர்ற வரைக்கும் அதுக்காக காத்திருக்க வேண்டாம்.