நிலம் எடுப்பு நோட்டீஸ்: மாநிலச் சட்டமா, மத்தியச் சட்டமா? (கேள்வி பதில்)

பெருந்துறை: சிப்காட்டுக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் வந்திருக்குதுங்க. அந்த 1997 மாநிலச் சட்டத்தை 2019-லயே ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சே, செல்லாதுதானுங்க?

பதில்: செல்லுமுங்க. பாதிக் கதையில நிக்கறீங்க. நிலம் எடுப்பு பொதுப் பட்டியல்ல இருக்குது. டெல்லியும் சட்டம் போடலாம், சென்னையும் போடலாம். ரெண்டும் மோதுனா அரசியலமைப்பு 254(1)-படி மத்தியச் சட்டந்தான் நிக்கும். ஜனாதிபதி ஒப்புதல் இருந்தா 254(2)-படி அந்த மாநிலத்துல மட்டும் மாநிலச் சட்டம் நிக்கும். 2013 மத்திய நிலம் எடுப்புச் சட்டத்தோட நம்ம 1997 தொழில் நோக்கச் சட்டம் மோதுச்சு. அதைக் காப்பாத்த அந்த மத்தியச் சட்டத்துல தமிழ்நாட்டுக்குன்னு 105ஏ பிரிவைச் சேர்த்தாங்க. செத்த சட்டத்தை இப்படி எழுப்ப முடியாதுன்னு 2019 ஜூலையில ஹைகோர்ட் சொல்லிருச்சு. அதே வருஷம் சட்டசபை புதுச் சட்டம் போட்டு, முன்தேதியிட்டு, புதுசா ஒப்புதலும் வாங்குச்சு. 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கிச்சு.

அதனால 2013 சட்டத்துல இருக்கற சமூகத் தாக்க மதிப்பீடு (நிலம் எடுத்தா சனங்களுக்கு என்ன பாதிப்புன்னு பாக்கற ஆய்வு) கேட்க முடியாது. இழப்பீடு மட்டும் 2013 சட்டக் கணக்கு. 1997 சட்டத்தோட 3(2) நோட்டீஸ்ல போட்ட தேதிக்குள்ள ஆட்சேபத்தை எழுத்துல கொடுத்து ஒப்புகை வாங்குங்க. கிணறு, போர்வெல், தென்னை ஒண்ணு விடாம பட்டியல் போடுங்க. அதுகளையும் மதிப்புப் போட்டு, மொத்தத்துக்கு மேல 100 சதவீதம் சொலேஷியம் (ஆறுதல் தொகை) வரணும்.

அன்னூர்: ஹைகோர்ட் ரத்து பண்ணின சட்டத்துல எப்படீங்க நோட்டீஸ்?

பதில்: மேலே பாருங்க.

சூலூர்: கெயில் எரிவாயுக் குழாயைத் தோட்டத்துல பதிக்காதீங்கன்னு நம்ம அரசே சொல்லுச்சே?

பதில்: சொல்லுச்சு. ஆனா குழாய்க்கு 1962 மத்தியச் சட்டம் இருக்குது. நாடாளுமன்றச் சட்டத்தை மாநில அரசோட உத்தரவு தடுக்காது. 2013-ல ஹைகோர்ட்டும் 2016-ல சுப்ரீம் கோர்ட்டும் அப்படித்தான் சொன்னாங்க. பட்டா உங்க பேர்லயே இருக்கும். ஆனா குழாய் போற பட்டையில வீடு, கிணறு, மரம் கூடாது. பயிர்ச்சேதம் தனி, நிலத்துக்குச் சந்தை மதிப்புல 10 சதவீதந்தான்.

காங்கேயம்: ஜல்லிக்கட்டுக்கு மட்டும் தீர்ப்பைத் தாண்டுனாங்களே! மெரினாவுல கூட்டம் கூடுனதாலதானுங்களே?

பதில்: கூட்டம் சட்டசபையை அசைச்சுது, வாஸ்தவம். கோர்ட்டுல நின்னது வேற. 2009 மாநிலச் சட்டம் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோட மோதுதுன்னு 2014 மே 7-ல அடிபட்டுச்சு. 2017-ல தமிழ்நாட்டுக்குன்னு அந்த 1960 சட்டத்தையே திருத்தி, ஒப்புதல் வாங்குனாங்க. 2023 மே 18-ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு ஏத்துக்கிச்சு.

காங்கேயம்: அப்ப எந்தத் தீர்ப்பையும் சட்டசபை கவுத்துரலாம்?

பதில்: முடியாதுங்க. "இந்தத் தீர்ப்பு செல்லாது"ன்னு மட்டும் சட்டம் போட்டா நிக்காது. தீர்ப்பு எதை வெச்சு வந்துச்சோ அந்த அடிப்படையை மாத்தணும். 1969 பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்குலேயே சொல்லியாச்சு. அடிப்படை உரிமையில அடிபட்டிருந்தா ஜனாதிபதி ஒப்புதலும் காப்பாத்தாது.

உடுமலை: நீட்டுக்கும் அப்படிப் பண்ணலாமுங்களே?

பதில்: பண்ணிப் பார்த்தாச்சு. 2021 மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்துட்டாங்க. 254(2) அங்கயே முடிஞ்சுது.

கோபி: கிராம சபைத் தீர்மானம் போட்டா உயர்மின் கோபுரம் நிக்குமுங்களா?

பதில்: நிக்காது. 2003 மின்சாரச் சட்டம் 164-ஆம் பிரிவு ஆணை நகலைக் கேளுங்க. அது இருந்தா 1885 தந்திச் சட்ட அதிகாரம் அவங்களுக்கு உண்டு. தடுத்தா கலெக்டர்கிட்டப் போவாங்க. இழப்பீடு பத்தலைன்னா நீங்க அந்தத் தந்திச் சட்டம் 16(3)-ல மாவட்ட நீதிபதிகிட்டப் போங்க.

பல்லடம்: எங்களுக்கும் ரோட்டுக்கு நோட்டீஸ். ஹைகோர்ட்தான் ரத்து...

பதில்: மூணாவது ஆளுங்க நீங்க! நோட்டீஸ்ல என்ன சட்டம்னு படிச்சீங்களா?

பல்லடம்: 1956, 3ஏ-ன்னு போட்டிருக்குதுங்க.

பதில்: அது நேஷனல் ஹைவே சட்டம். இத்தனை நேரம் பேசுன மாநிலச் சட்டம் எதுவும் உங்களுக்கு ஒட்டாது. அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள்ள 3சி-ல ஆட்சேபம் கொடுக்கணும். தேதியைப் பாருங்க முதல்ல.