நடந்தால் மனம் ஆறுமோ? வன்னியில் இருந்து வந்த கேள்விகளுக்கு உளவளத்துணையாளரின் பதில்கள்

அக்கா, விடியக் கச்சான் பிடுங்கப் போனால் பொழுதுபட்டுத்தான் வீடு. இதுக்கு மேலை தேகப்பயிற்சியும் செய்யோணுமோ? (முள்ளியவளை)

தங்கச்சி, உங்கட உடம்புக்கு வேலை காணும், ஆறுதல்தான் இல்லை. கூலிக்குக் குனியிறதும் விரும்பி நடக்கிறதும் மனதுக்கு ஒண்டில்லை. ஆராய்ச்சிகளிலும் ஓய்வுநேரத்தில் ஆடி ஓடுறவைக்குத்தான் மனச்சோர்வு குறைவாகத் தெரியுது. பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரியோட கதைச்சுக்கொண்டு கோயிலடி வரைக்கும் போய் வாங்கோ. 10 நிமிசம் எண்டாலும் சரி.

வேகமாக நடந்தாலே நெஞ்சு படபடக்குது, வேர்க்குது. 2009இல் பங்கருக்குள்ளை இருந்த மாதிரியே வருது. நடையை விட்டிட்டன். (புதுக்குடியிருப்பு)

அண்ணா, கனபேர் வெளியிலை சொல்லாத விசயம் இது. பயந்தாலும் நடந்தாலும் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும். உங்கட உடம்பு அந்த அடிப்பை ஷெல் சத்தத்தோட சேர்த்துப் பழகிப்போச்சு. முதலில் ஆஸ்பத்திரியில் காட்டி, இதயத்தில் பிழையில்லை எண்டு உறுதிப்படுத்துங்கோ. பிறகு 2 நிமிசம் மட்டும் கொஞ்சம் எட்டி நடவுங்கோ. நிண்டு, கால் மண்ணில் பதியிறதைக் கவனிச்சு, மூச்சை நீட்டி வெளியில் விடுங்கோ. படபடப்பு தானாக இறங்கும். அது இறங்கிறதைத் திரும்பத் திரும்பக் கண்டால்தான் உடம்பு நம்பும்.

என்னோட இரணைமடுக் குளக்கட்டில் நடந்த ஒரு அம்மா, முதல்நாள் என்ர சீலைத்தலைப்பைப் பிடிச்சபடி நூறடியோட திரும்பினவ. மாரிக்கு வான்கதவு வரைக்கும் வந்து, தண்ணி பாயிறதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நிண்டவ.

ஏ.எல். சோதனை வருது. மகனை வொலிபோல் விளையாடவேண்டாம் எண்டு மறிச்சிட்டன். (வவுனியா)

விடுங்கோ அம்மா, விளையாடட்டும். 17 வயது வரைக்கும் நாளுக்குச் சராசரி 60 நிமிசம் ஓடியாட வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வேர்த்துக் களைச்ச பிள்ளைக்கு நித்திரை வரும். நித்திரை கொண்டால்தான் படிச்சது மனதில் நிக்கும்.

எனக்கு ஒரு கால் இல்லை. நடை எங்களுக்கில்லைத்தானே? (கிளிநொச்சி)

அப்பிடிச் சொல்லாதையுங்கோ ஐயா. கதிரையில் இருந்தபடி, தண்ணி நிரப்பின இரண்டு போத்தலைத் தூக்கி இறக்குங்கோ. மூச்சு வாங்கினால் அதுவும் பயிற்சிதான். பொய்க்கால் போட்டு நடந்தால், வந்து கழட்டித் தோலைப் பாருங்கோ. கொப்புளம் கண்டால், கிளினிக்கில் காட்டி ஆறும்வரைக்கும் போடவேண்டாம்.

நடக்கத் தொடங்கினால் மனச்சோர்வுக் குளிசையை நிப்பாட்டலாமோ? (மாங்குளம்)

நீங்களாக நிப்பாட்டாதையுங்கோ, டொக்டரோட கதைச்சுத்தான் குறைக்கோணும். நடை குளிசைக்குத் துணை. செத்தால் நல்லம் எண்டு யோசனை வந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு ஃபோன் எடுங்கோ, இரவிலும் எடுக்கலாம்.