வாசகர் கேள்வி – பதில்: சித்தாள் கூலி

கேள்வி: எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். கலவை சுமக்கும் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றாகவே தெரிகிறது. ஆனால், சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது சித்தாளுக்குக் குறைகிறது. மேஸ்திரியிடம் கேட்டேன். 'அது சித்தாள் கூலி, அவ்வளவுதான்' என்றார். இது சட்டப்படி சரியா?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: மேஸ்திரி தம்மை அறியாமலே விஷயத்தின் வேரைத் தொட்டுவிட்டார். கொத்தனாருக்குக் கையாளாக நிற்பவர் ஆணாக இருந்தால் பெரியாள், பெண்ணாக இருந்தால் சித்தாள். பெயர் வைக்கும்போதே கூலியையும் சேர்த்து வைத்துவிடுவதால், பெண் என்பதற்காகக் குறைத்ததாக யாருக்கும் தோன்றுவதில்லை. வயலிலும் இதே கதைதான்: நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நடுவதற்கு 'லேசான வேலை' என்று பெயர். (சொன்னவர்கள் ஒருநாளாவது நட்டுப் பார்த்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.)

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் பெயரைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தது. ஒரே மாதிரியான பணிச்சூழலில், வேண்டிய திறமையும் உழைப்பும் பொறுப்பும் ஒன்றாக இருந்து, சிறு வேறுபாடுகள் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்கவையாக இல்லாவிட்டால், அது ஒரே தன்மையுள்ள வேலை. அதற்கு ஒரே ஊதியம். 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் இதே கொள்கையைக் கொண்டதுதான். பெண்ணின் கூலியை உயர்த்தச் சொன்னால் ஆணின் கூலியைக் குறைத்துச் சமன் செய்துவிடுவார்களோ என்ற அச்சம் வேண்டாம். அப்படிக் குறைப்பதையும் சட்டம் தடுக்கிறது.

பெயரை மாற்றித் தப்பிக்கும் வித்தை பெரிய அலுவலகங்களிலும் நடந்ததுண்டு. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா, ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடத் தமக்குக் குறைத்துக் கொடுத்ததாக வழக்குத் தொடுத்தார். பெண்களாக இருப்பவர்கள், மேலதிகாரிகளுக்கான அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்கள், அது தனி வகைப் பணி என்றும், தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படியே சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது என்றும் நிறுவனம் வாதிட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. கொடுக்க வசதியில்லை என்ற காரணமும் எடுபடவில்லை.

ஆகவே, நீங்கள் இன்னும் சற்று நின்று கவனியுங்கள். பெரியாள் நாள் முழுக்க ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைகளை மாடிக்கு ஏற்ற, சித்தாள் செங்கல்லுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறார் என்றால் கூலி வேறுபடலாம். இருவரும் அதே சட்டியில் அதே கலவையைச் சுமந்து அதே சாரத்தில் ஏறினால் வேறுபடக் கூடாது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்ய வழியுண்டு. ஆனால், இன்று புகார் செய்யும் சித்தாளை நாளைக் காலை யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்; எனவே இதை ஒருத்தியின் தலையில் ஏற்றாமல், வீடு கட்டுகிறவரே மேஸ்திரியிடம் பேசும்போது இருவருக்கும் ஒரே கூலி என்று முடிவு செய்துவிடுவது நல்லது. நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைக் கண்டவர்கள்தாமே நாம்?

கேள்வி: கிரிக்கெட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வந்துவிட்டது என்கிறார்களே?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: பாதி உண்மை. 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் சமமாக்கியது ஆட்டக் கட்டணத்தை: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், இருபது ஓவர் போட்டிக்கு 3 லட்சம். ஆண்டு ஒப்பந்தத் தொகை தனிக் கணக்கு. அப்போது ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி ரூபாய். பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் பெண்களுக்குக் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.