பத்துக்கு எட்டு – கடிதம்

வணக்கம்.

என் அம்மாவுக்கு மூன்று வருடமாக இடுப்புவலி. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். பத்துக்கு எத்தனை வலி என்று டாக்டர் கேட்டால் அம்மா எட்டு என்பார். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வீட்டிலும் ‘எல்லாம் மனசுதான்’ என்ற பேச்சு. மூளையை ஸ்கேன் செய்து வலியை அளக்கிறார்கள் என்று படித்தேன். அம்மாவுக்கு அதைச் செய்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

தெரிந்துவிடாது. உங்கள் ஊரில் அந்த வசதி இல்லை என்பதல்ல காரணம்.

நீங்கள் படித்தது அநேகமாக மூளை ஆய்வாளர் டோர் வேகர் குழுவின் ஆய்வாக இருக்கும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2013-ல் அவர்கள் வெளியிட்டது. நான்கு சோதனைகள், மொத்தம் 114 பேர். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். எஃப்எம்ஆர்ஐ என்ற, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்து, கையில் சூடேறும் தகடு ஒன்றை வைத்து, வெதுவெதுப்பிலிருந்து சுள்ளென்று சுடும் அளவு வரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் எவ்வளவு வலித்தது என்று படுத்திருப்பவர் மதிப்பெண் போடவேண்டும். அந்த மதிப்பெண்ணையும் மூளைப் படத்தையும் சேர்த்துக் கொடுத்துக் கணினியைப் பழக்கினார்கள். பிறகு புதிய ஆட்களின் படத்தைக் காட்டினால்கூட, எது வலித்த சூடு, எது வெறும் வெதுவெதுப்பு என்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சரியாகச் சொன்னது. வலுவான வலிநிவாரணி ஒன்றைச் செலுத்தியதும் மூளையில் அந்த வடிவம் மங்கியது. நல்ல வேலைதான், சந்தேகமில்லை.

ஆனால் கணினிக்கு விடைத்தாள் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். படுத்திருந்தவர் வாயிலிருந்து. உங்கள் அம்மா சொன்ன அதே பத்துக்கு எட்டு மாதிரியான ஒரு எண்.

இன்னொன்று. எஃப்எம்ஆர்ஐ வலியையோ நரம்பையோ நேரடியாகப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் பாய்வதைப் பார்க்கிறது. இருட்டில் நிலைப்படியில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்கிறது. ஒரு மூச்சு விட்டு விண்விண் என்று தெறிக்க ஆரம்பிக்கிறது. இரண்டும் வேறு வேறு நரம்பிழைகள். முதலாவது நொடிக்குப் பத்து இருபது மீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டாவது சுமார் ஒரு மீட்டர், நாம் நடக்கிற வேகம். இரண்டும் வந்து சேர்ந்து, ‘அம்மா’ என்று கத்தி, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான், ஐந்தாறு நொடி கழித்து, ரத்தம் உச்சத்துக்கு வரும். கருவி பார்ப்பது அதை.

2016-ல் ஒரு வேடிக்கை வெளிவந்தது. பிறவியிலேயே வலி தெரியாத இரண்டு பேரை ஸ்கேனில் படுக்கவைத்து, மற்றவர்களுக்கு வலிக்கக்கூடிய தூண்டலைக் கொடுத்தார்கள். ‘வலிப் பகுதிகள்’ என்று பாடப்புத்தகம் சொல்லும் இடங்களெல்லாம் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே ஒளிர்ந்தன. வலி மட்டும் இல்லை. ‘ஏதோ நடக்கிறது, கவனி’ என்றாலே அந்த இடங்கள் விழித்துக்கொள்கின்றன. வேகரின் வடிவம் இதைவிட நுணுக்கமானது, சரி. ஆனாலும் அது பழகியது சில நொடிச் சூட்டில். உங்கள் அம்மாவுடையது மூன்று வருடம்.

நாள்பட்ட வலியை அதன் போக்கிலேயே பின்தொடர்ந்த ஆய்வு 2023-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. நான்கே நோயாளிகள்: மூன்று பேருக்குப் பக்கவாதத்துக்குப் பிந்தைய வலி, ஒருவருக்கு வெட்டி எடுத்துவிட்ட, இப்போது இல்லாத காலில் வலி. மூளைக்குள் மின்முனை பதித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் சிலமுறை வலிக்கு மதிப்பெண் போட்டு, ஒரு பொத்தானை அழுத்தி அந்த நேரத்து மூளை அலையைப் பதிவு செய்யவேண்டும், மாதக்கணக்கில். ஒவ்வொருவரின் வலிக்கும் தனிக் கையெழுத்து இருந்தது. ஒருவரின் சாவி இன்னொருவரின் பூட்டுக்குப் பொருந்தாது. இங்கும் விடைத்தாள் அவர்கள் போட்ட மதிப்பெண்தான்.

‘எல்லாம் மனசுதான்’ என்பவர்களுக்கு ஒன்று. 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 22 பேருக்கு வலிநிவாரணியைச் செலுத்திக்கொண்டே, ‘மருந்தை நிறுத்திவிட்டோம், வலி கூடலாம்’ என்று பொய் சொன்னார்கள். மருந்து இறங்கிக்கொண்டேதான் இருந்தது. வலி பழைய அளவுக்கு ஏறிவிட்டது. மூளைப் படமும் அதற்கேற்ப மாறியது. நடிப்பென்றால் மூளையுமா நடிக்கும்? டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொடுக்கிற மாத்திரை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த அளவீட்டால் நிஜமாகவே பயன் உண்டு, பேச்சு வராதவர்களுக்கு. பச்சைக்குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980-கள் வரை போதிய மயக்க மருந்தின்றி அறுவை செய்திருக்கிறார்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர், குதிகாலில் ஊசி குத்தும்போது குழந்தையின் மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்கள். குத்துவதற்கு முன் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையாக வருடினால் அந்த அலை தணிவதை 2018-ல் காட்டினார்கள். நம் பாட்டிகள் ஸ்கேல் வைத்துத் தடவியதில்லை. ஆனால் கிட்டத்தட்ட அந்த வேகம்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்குப் பேச வருகிறது. குடைச்சலா, கடுப்பா, எரிச்சலா, காலுக்கு இறங்குகிறதா, விடியற்காலையிலா, உட்கார்ந்து எழும்போதா என்று கேட்டு ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். எட்டு என்றால் எட்டென்றே எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போங்கள். மயக்க மருந்து நிபுணர்கள் நடத்தும் பெயின் கிளினிக் பக்கத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.