ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிக்கலா?

மதுரையில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் வாசகர் ஒருவர் ஆங்கிலக் கையேடு ஒன்றை அச்சுக்குக் கொடுக்கவிருக்கிறார். திருமலை நாயக்கர் மஹாலை ‘ஹிஸ்டாரிக்’ என்பதா, ‘ஹிஸ்டாரிக்கல்’ என்பதா என்பது அவர் கேள்வி.

மஹாலுக்கு ‘ஹிஸ்டாரிக்’ என்றே எழுதுங்கள். வரலாற்றில் நிலைத்துவிட்ட சிறப்பைச் சொல்வது அந்தச் சொல்தான். ‘ஹிஸ்டாரிக்கல்’ யாரையும் எதையும் உயர்த்திப் பேசாது. கடந்த காலத்தைச் சார்ந்தது, வரலாற்று ஆய்வுக்கு உரியது, கற்பனையாக அல்லாமல் மெய்யாகவே இருந்தது என்ற அளவில் நின்றுவிடும்.

காந்தி அரையாடைக்கு மாறியது மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று. மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது அவர் எடுத்த அந்த முடிவு ‘ஹிஸ்டாரிக்’. அதைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட கடிதமோ செய்தியோ எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் ‘ஹிஸ்டாரிக்கல்’ ஆவணம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நடந்த ஆலயப் பிரவேசத்துக்கும் ‘ஹிஸ்டாரிக்’தான் பொருந்தும். அதை ‘ஹிஸ்டாரிக்கல் ஈவன்ட்’ என்று எழுதினால், என்றோ நடந்தது என்ற செய்தி மட்டும் போய்ச் சேரும். காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே நுழைந்த நாளுக்கு அது போதாது.

மனிதர்களைக் குறிக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். திருமலை நாயக்கர் ‘ஹிஸ்டாரிக்கல் ஃபிகர்’. ஆண்ட அரசர், சான்றுகள் உண்டு. கண்ணகியை அப்படி எழுதினால், காப்பியத் தலைவி வாழ்ந்தது நிறுவப்பட்ட உண்மை என்று சொல்வதாகிவிடும். மஹாலின் ஒலி ஒளிக் காட்சியில் சிலப்பதிகாரக் கதை வருவதால் உங்கள் கையேட்டில் இந்தக் குழப்பம் எளிதில் நுழையும். அதை ‘லெஜன்ட்’ என்று குறிப்பிடுங்கள்.

‘ஹிஸ்டாரிக்கல் மான்யுமென்ட்’ என்று நம் ஊர்ப் பலகைகளில் இருப்பதைப் பெரும்பிழை என்று சொல்லமாட்டேன். அந்த இடத்தில் இரண்டும் புழங்குகின்றன. ஆனால் சரித்திர நாவலை ‘ஹிஸ்டாரிக் நாவல்’ என்பது தவறு. அதற்கு ‘ஹிஸ்டாரிக்கல்’ மட்டுமே.

இன்னொன்று: இரண்டு சொல்லுக்கும் முன்னால் ‘எ’ போடுங்கள். ‘அன் ஹிஸ்டாரிக்’ பழைய பிரிட்டிஷ் வழக்கம். இன்றும் சிலர் எழுதுகிறார்கள் என்றாலும், ‘ஹ’ ஒலியைத் தெளிவாக உச்சரிக்கும் நமக்கு அது தேவையில்லை.